நோட்டீசுக்கும் கடப்பாரைக்கும் நடுவே



சென்னையில் பழைய புத்தகம் தேடி அலைந்த எவரிடமும் மூர் மார்க்கெட் என்ற பெயரைச் சொன்னால் போதும். எடுத்துக்கொண்ட பேச்சு நின்றுவிடும். அச்சில் இல்லாத நிகண்டு ஒன்று எட்டணாவுக்குக் கிடைத்தது, அட்டை கிழிந்த நாடகப் பிரதிக்காக மூன்று ஞாயிற்றுக்கிழமை பேரம் பேசியது என்று கதைகள் வரத் தொடங்கும். சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி, நடுவில் முற்றம் விட்டு நாற்புறமும் எழுப்பிய சிவந்த செங்கல் கட்டடம் அது. 1898இல் அடிக்கல் நாட்டி 1900இல் திறந்தார்கள். நகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூரின் பெயரை வைத்தார்கள். கிளி விற்பவரும் கிராமபோன் தட்டு விற்பவரும் தமிழ்ப் பண்டிதரும் தோள் உரசி நடந்த இடம் அது போல் நகரத்தில் வேறொன்று இருந்ததில்லை.

1985 மே 30ஆம் நாள் அது தீப்பற்றியது. ரயில்வே விரிவாக்கத்திற்கு அந்த நிலம் வேண்டப்பட்டுக்கொண்டிருந்த காலம் ஆகையால், தீயைப் பற்றி நகரில் பல பேச்சுகள் உலவின. அவற்றில் எது மெய், எது வீண் என்று இனி ஆராய்வதில் பயனில்லை. கவனிக்க வேண்டியது தீக்குப் பின் நடந்தது. சுவர்கள் நின்றிருந்தன. பழுதுபார்த்துப் பழைய வடிவிலேயே மீண்டும் எழுப்ப முடியுமா என்ற கேள்வியை உரிய இடத்தில், உரிய நேரத்தில், உரிய தாளில் எழுதிக் கேட்க ஓர் அமைப்பு நகரத்தில் வலுப்பெற்றிருக்கவில்லை. வருந்தியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். மனு எழுதியவர்கள் மிகச் சிலர். கடைக்காரர்கள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். பழைய இடத்தில் ரயில்வேக் கட்டடம் எழுந்தது. புறநகர் ரயிலுக்கான அந்த நிலையத்துக்கு மூர் மார்க்கெட் வளாகம் என்றே பெயர். கட்டடம் போய்ப் பெயர் மட்டும் பயணச்சீட்டில் வாழ்கிறது.

இரண்டாண்டுகளுக்கு முன்னர், 1983இல், மவுண்ட் ரோட்டில் ஸ்பென்சர் கட்டடம் எரிந்தது. அதுவும் இவ்விதமே மறைந்தது. இந்த இரு இழப்புகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் 1993இல் நடந்ததன் அருமை விளங்கும்.

மரீனாக் கடற்கரைச் சாலையில் கடலைப் பார்த்து நிற்கும் காவல்துறைத் தலைமையகத்தை அறியாதவர் இல்லை. உயர்ந்த தூண்களும் வெள்ளைச் சுவர்களும் கொண்ட அக்கட்டடத்தைக் காவலர்கள் கட்டவில்லை. 1839இல் ஃபிரீமேசன் சங்கத்தார் தங்கள் கூட்டங்களுக்காகக் கட்டிக்கொண்ட மாளிகை அது. 1865இல் சென்னைக் காவல்துறையின் தலைவராக இருந்த வில்லியம் ராபின்சன் மாதம் 90 ரூபாய் வாடகைக்கு அதை எடுத்தார். 1874இல் 20,000 ரூபாய்க்கு அரசு விலைக்கே வாங்கிவிட்டது. அதன்பின் துறை வளர வளரக் கட்டடமும் கை கால் நீட்டி வளர்ந்தது. நூறாண்டுக்கு மேல் ஒரே பணிக்கு ஒரே கூரை என்பது இந்நகரத்தில் அரிது.

1993இல் அதை இடித்துப் பத்து மாடிக் கட்டடம் எழுப்புவது என்று அரசு முடிவு செய்தது. முடிவுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அலுவலர் எண்ணிக்கை பெருகியிருந்தது, அறைகள் போதவில்லை, மேல்தளம் ஒழுகியது. ஆனால் இம்முறை கேட்பதற்கு ஆள் இருந்தது. கலை, பண்பாட்டு மரபுக்கான தேசிய அறக்கட்டளை 1984இல் தோன்றியது. இன்டாக் என்றால் எல்லோருக்கும் புரியும். அதன் சென்னைக் கிளை இதற்குள் வேர் விட்டிருந்தது. நகரத்தின் வரலாற்றைத் தெருத் தெருவாக எழுதிவந்த எஸ். முத்தையா 1991இல் ‘மெட்ராஸ் மியூசிங்ஸ்’ என்னும் சிற்றிதழைத் தொடங்கியிருந்தார். பள்ளத்தூரில் பிறந்து, கொழும்பில் பத்திரிகையாளராக உருவாகி, 1968இல் சென்னைக்கு வந்தவர் அவர். ஊருக்குப் பின்னால் வந்தவர்தாம் ஊரை மற்றவர்க்கு அறிமுகம் செய்தார் என்பது சிந்திக்கத்தக்கது. உள்ளேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தினமும் பார்க்கும் சுவர் கண்ணில் படுவதில்லை போலும்.

இன்டாக் நீதிமன்றம் சென்றது. இடிப்புக்குத் தடை கிடைத்தது. அரசும் வழக்கை மானப் பிரச்சினையாக்கிக்கொள்ளாமல் திட்டத்தைக் கைவிட்டுக் கட்டடத்தைப் புதுப்பிக்க முன்வந்தது. இன்று கடற்கரைக்குப் போகிறவர்கள் பார்ப்பது அவ்வாறு காக்கப்பட்ட கட்டடமே. எதிர்த்து வழக்காடியவர்களைப் பாராட்டும் வழக்கம் தமிழகத்தில் உண்டு. மனம் மாறிய அரசு அலுவலரைப் பாராட்டும் வழக்கம் குறைவு. இந்த வழக்கில் இரு சாராருக்கும் பங்குண்டு.

இனி ஒரு கேள்வி. பழைய கட்டடம் ஒன்றை இடிக்க வேண்டும் என்று கோப்பு புறப்படும்போது அதன் முதல் தாளில் என்ன எழுதியிருக்கும்? ‘பயன்பாட்டுக்கு உகந்ததன்று, உறுதி இழந்துவிட்டது’ என்று ஒரு பொறியாளர் சான்று இருக்கும். போராட்டம் முழுவதும் அந்த ஒரு வரியோடுதான். ஆகவே அந்த வரி எப்படிப் பிறக்கிறது என்பதைச் சற்று விரித்துச் சொல்லத்தான் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னைக் கட்டடங்கள் சிமெண்டு அறியாதவை. செங்கல்லும் சுண்ணாம்பும் தேக்கும்தான் அவற்றின் உடல். ஆற்று மணலும் நீற்றிய சுண்ணாம்பும் கலந்து, செக்கில் இட்டு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டுப் பதப்படுத்திய சாந்து அது. கூரையோ ‘மெட்ராஸ் டெரஸ்’ என்று வெளிநாட்டுப் பொறியியல் நூல்களிலும் இடம்பெற்ற முறை. தேக்கு உத்திரங்களின் மேல் சிறிய மெல்லிய செங்கற்களை நெட்டுக்குத்தாக, மூலைவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பால் பிணைப்பார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்குவார்கள். மேலே தட்டோடு பதிப்பார்கள். வேலை முடிந்த கூரை நூறு மழைக்காலம் தாங்கும்.

இந்தச் சுவர்கள் மூச்சு விடுபவை. மழையில் சிறிது ஈரம் வாங்கும். வெயிலில் அதை வெளியே விட்டுவிடும். இதை அறியாத காலம் வந்தது. சுவரில் விரிசல் கண்டவுடன் மேலே சிமெண்டு பூசினார்கள். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் செங்கல்லை அரித்தது. கூரை ஒழுகியபோது பழைய தளத்தைச் செப்பனிடாமல் மேலே மேலே புதிய பூச்சு ஏற்றினார்கள், பாரம் கூடியது, உத்திரம் வளைந்தது. மழைநீர்க் குழாயின் வாயில் அடைத்திருந்த சருகை எடுக்க ஆள் இல்லை. அங்கே ஒரு பறவை போட்ட எச்சத்தில் அரசங்கன்று முளைத்தது. அதைக் கையால் பிடுங்கக்கூடிய பருவத்தில் பிடுங்கவில்லை. இருபதாண்டு கழித்து வந்த பொறியாளர் வேர் பிளந்த சுவரைப் பார்த்து ‘உறுதி இழந்துவிட்டது’ என்று எழுதுகிறார். அவர் எழுதியது பொய்யன்று. ஆனால் அந்த வரியின் ஆசிரியர் அவர் ஒருவர் மட்டும் அல்லர். இருபதாண்டாகச் சருகை எடுக்காத ஒவ்வொருவரும் அதில் ஒரு சொல் எழுதியிருக்கிறார்கள்.

எனவே கட்டடம் காக்க முனைந்தவர்களுக்கு முதலில் வேண்டியிருந்தது உணர்ச்சிப் பெருக்கு அன்று. மாற்றுப் பொறியாளர் ஒருவரின் அறிக்கையும் கட்டட வரலாற்றின் ஆவணங்களுமே. அவை கையில் இருந்தால் நீதிமன்றம் செவி கொடுக்கிறது. இந்திய அரசமைப்பின் 51அ பிரிவு, நாட்டின் கூட்டுப் பண்பாட்டு மரபைப் போற்றிக் காப்பதைக் குடிமக்களின் கடமையாகச் சொல்கிறது. 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த பிரிவு அது. கடமை என்று சொன்னதே ஒழிய, காக்கும் கருவியைச் சட்டம் கையில் தரவில்லை. 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும் 1966ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டமும் தொல்பொருள் சின்னங்களுக்கானவை. கோட்டை, குடைவரை, பாழடைந்த மண்டபம் ஆகியவற்றுக்கு வேலி போட அவை உதவும். நாள்தோறும் ஆயிரம் பேர் ஏறி இறங்கும் அலுவலகத்தையோ கல்லூரியையோ என்ன செய்வது? பம்பாய் நகரம் 1995இலேயே மரபுக் கட்டடங்களுக்கென்று தனி விதிகள் வகுத்துத் தரம் பிரித்துப் பட்டியலிட்டது. தமிழ்நாட்டில் மரபுரிமை ஆணையத்துக்கான சட்டம் 2012இல்தான் நிறைவேறியது. நிறைவேறிய பிறகும் அது நடைமுறைக்கு வரப் பல்லாண்டுகள் காத்துக் கிடந்தது. இடைப்பட்ட காலத்தில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு தனிப் போராட்டம் தேவைப்பட்டது.

அவற்றுள் மக்கள் மனத்தில் ஆழப் பதிந்தது 2003ஆம் ஆண்டு இராணி மேரிக் கல்லூரியில் நடந்தது. 1914இல் சென்னையின் முதல் மகளிர் கல்லூரியாக அது தொடங்கியது. டாரத்தி டி லா ஹே என்ற அம்மையார் முதல் முதல்வர். கேப்பர் மாளிகை என்ற பழைய கடற்கரை வீட்டில் வகுப்புகள் தொடங்கின. பிறகு பென்ட்லண்டு இல்லம், ஸ்டோன் இல்லம், ஜெய்ப்பூர் இல்லம் என்று ஒவ்வொன்றாகக் கட்டடங்கள் சேர்ந்தன. தமிழகத்தில் முதல் தலைமுறையாகப் பட்டம் பெற்ற பெண்கள் எத்தனையோ பேர் அந்தப் படிகளில் ஏறியவர்கள். 2003இல் அவ்விடத்தில் புதிய தலைமைச் செயலகம் கட்டப்படும் என்ற அறிவிப்பு வந்தது. மாணவியர் வளாகத்தை விட்டு வெளியேற மறுத்து அங்கேயே அமர்ந்தார்கள். பழைய மாணவியர் வந்தார்கள், அரசியல் கட்சியினர் வந்தார்கள், கைதுகள் நடந்தன, வழக்குகளும் நடந்தன. இறுதியில் திட்டம் கைவிடப்பட்டது.

காவல்துறைக் கட்டடத்தைக் காத்தவர்கள் வரலாற்று ஆர்வலர்கள். கல்லூரியைக் காத்தவர்களோ அதில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள். கட்டடக் கலையின் பெயர்கூட அவர்களுள் பலருக்குத் தெரிந்திராது. தாங்கள் உட்காரும் திண்ணை தங்களுடையது என்பது தெரிந்திருந்தது. அது போதுமானதாக இருந்தது. ஆனால் இக்கதைக்கு ஒரு பின்னிணைப்பும் உண்டு; விழா மேடைகளில் அது சொல்லப்படுவதில்லை. கல்லூரி பிறந்த அந்தக் கேப்பர் மாளிகை பிற்காலத்தில் பழுதடைந்து இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் புதிய கட்டடம் எழுந்தது. ஊரே திரண்டு காத்த வளாகத்துக்குள் அதன் மூத்த வீடு கூட்டமும் முழக்கமும் இல்லாமல் போயிற்று. அரசு இடிக்க வந்தபோது எதிர்க்க முடிந்தது. ஈரம் இடிக்க வந்தபோது யாரும் முற்றுகையிடவில்லை.

அடுத்தது மவுண்ட் ரோட்டில் உள்ள பாரத் இன்சூரன்ஸ் கட்டடம். 1897இல் டபிள்யூ. ஈ. ஸ்மித் என்ற மருந்து வணிகர் தம் நிறுவனத்துக்காகக் கட்டியது; கார்டில் கட்டடம் என்பது அதன் முதற்பெயர். கோபுரமும் குமிழ் மாடமும் வளைவுகளுமாக, மருந்துக் கடைக்கு இவ்வளவு ஆடம்பரமா என்று வியக்கத் தோன்றும். 1934இல் பாரத் காப்பீட்டு நிறுவனம் வாங்கியது. 1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானபோது அது ஆயுள் காப்பீட்டுக் கழகத்திடம் வந்தது. 2006இல் இடிப்பு வேலை தொடங்கியது. தொடங்கிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். இங்கே நோட்டீசுக்கும் கடப்பாரைக்கும் நடுவே இடைவெளியே இல்லை. இன்டாக் உயர் நீதிமன்றத்துக்கு ஓடித் தடை பெற்றது. நான்காண்டு கழித்து, 2010 ஏப்ரலில், கட்டடத்தை இடிக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. மரபுக் கட்டடங்களைக் கவனிக்க ஒரு குழு அமைக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது.

அந்த வழக்கில் பெரிதும் துணை நின்ற ஆவணம் எது என்று கேட்டால் வியப்பாக இருக்கும். நகரில் சாலையோர விளம்பரப் பலகைகள் மிகுந்துவிட்டன என்று முன்னர் ஒரு வழக்கு நடந்தது. எந்தக் கட்டடங்களைப் பலகைகள் மறைக்கக் கூடாது என்று கண்டறிய நீதிபதி பத்மநாபன் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அக்குழு 467 கட்டடங்களைப் பட்டியலிட்டது. சோப்பு விளம்பரமும் நகைக்கடை விளம்பரமும் இல்லாதிருந்தால் சென்னைக்கு அன்றைக்கு ஒரு மரபுக் கட்டடப் பட்டியலே இருந்திராது.

தீர்ப்பு வந்தது, கட்டடம் பிழைத்ததா? இடிப்புக்காரர் கை வைத்த கூரையோடு அது ஆண்டுக்கணக்கில் நின்றது. உள்ளே அலுவலகம் இல்லை, கடை இல்லை, விளக்கு ஏற்றுவார் இல்லை. இடிக்கக் கூடாது என்று ஆணையிட முடிந்த நீதிமன்றத்துக்கு, தினம் காலையில் வந்து ஜன்னலைத் திறக்க வேண்டும் என்று எவரிடமும் ஆணையிட முடியவில்லை. காவல்துறைக் கட்டடமும் இதுவும் வேறுபடும் இடம் இதுதான். அங்கே தடை வந்த நாளிலும் உள்ளே எழுத்தர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கூரை ஒழுகினால் அன்றே தெரியும். இங்கே வழக்கு வென்றது; வாழ்க்கை திரும்பவில்லை. கட்டடம் காக்கும் இயக்கத்தினர் இன்னும் முழுமையாகக் கற்றுத் தேராத பாடம் இது. வழக்குத் தாளில் காட்டிய ஊக்கத்தில் பாதியை, மீட்ட கட்டடத்தில் யார் குடியேறுவது என்பதில் காட்டியிருந்தால் நகரம் வேறு விதமாக இருந்திருக்கும்.

இது புதிதாகக் கண்ட உண்மையும் அன்று. மதுரையில் 1636இல் எழுந்த திருமலை நாயக்கர் அரண்மனையின் பெரும்பகுதி அவருடைய பேரன் காலத்திலேயே பிரித்தெடுக்கப்பட்டது. எஞ்சியதும் மண்ணோடு மண்ணாகப் போக இருந்தபோது, சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு அதைப் பழுதுபார்க்கச் செய்தார். அதோடு நிற்காமல் அதில் மாவட்ட நீதிமன்றம் இயங்க வழி செய்யப்பட்டது. நீண்ட காலம் வாய்தாவுக்கு வந்தவர்கள் அந்தத் தூண்களில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அரண்மனைக்கு அது அழகில்லைதான். ஆனால் அவர்கள் சாய்ந்ததால்தான் தூண்கள் நின்றன.

எதிர்ப்பக்கத்து வாதங்களையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. வெள்ளைக்காரன் கட்டியதை எதற்குக் காக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. வரைந்தவர்கள் சிஷோம் முதலியோர் என்றாலும், விக்டோரியா பொது மண்டபத்தைக் கட்டி முடித்தவர் நம்பெருமாள் செட்டியார். மூர் மார்க்கெட்டைக் கட்டியவர் சுப்பிரமணிய ஐயர். சாந்து அரைத்தவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அந்த விக்டோரியா மண்டபத்தில்தான் பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகம் ஆடியது. விவேகானந்தர் 1897இல் பேசினார். அதைத் தமிழரின் கட்டடம் அன்று என்பவர் தமிழ் நாடக வரலாற்றிலிருந்து ஓர் இயலையே கிழித்துப் போட வேண்டியிருக்கும்.

செலவு மிகுதி என்பது இன்னொரு வாதம். இது எளிதில் தள்ளக்கூடியதன்று. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் குறைவு. வேலை மெதுவாக நடக்கும். ஒப்பந்தக்காரர்களுக்கு அதில் ஆர்வம் இல்லை. பழையது எல்லாம் காக்கத்தக்கது என்று வாதிடுவோர் இந்த இயக்கத்துக்கே கேடு செய்கிறார்கள். நூறு வயதான ஒவ்வொரு குடோனுக்கும் மனுப் போட்டால், உண்மையிலேயே காக்க வேண்டியதற்கு மனுப் போடும் நாளில் எவரும் செவி சாய்க்க மாட்டார்கள். தேர்ந்தெடுக்கத் தெரிய வேண்டும். தேர்ந்தபின் விடாமல் நிற்க வேண்டும்.

அப்படித் தேர்ந்து நின்றதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு சேப்பாக்கம் அரண்மனை. வாலாஜா நவாபு முகம்மது அலி 1768இல் கட்டியது. கலச மகால், உமாயூன் மகால் என்று இரு பகுதிகள். இரண்டுக்கும் நடுவில் உள்ள கோபுரம் பின்னால் சிஷோம் எழுப்பியது. நவாபுகளுக்குப் பிறகு அரசு அலுவலகங்கள் நிறைந்து, கோப்புகளும் மின்கம்பிகளும் தடுப்புப் பலகைகளுமாக அரண்மனை என்றே தெரியாமல் மறைந்திருந்தது. 2012 ஜனவரியில் கலச மகால் தீயில் எரிந்தது. அணைக்கச் சென்ற தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். கூரை விழுந்தது, கருகிய சுவர்கள் நின்றன. மூர் மார்க்கெட் எரிந்து இருபத்தேழு ஆண்டு ஆகியிருந்தது. அன்றைப் போலவே இன்றும், இடித்துவிடலாமா என்ற கேள்வி எழுந்தது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் மனு எழுதப் பழகிய ஒரு தலைமுறை உருவாகியிருந்தது. பொதுப்பணித்துறையிலும் பழைய கட்டடங்களை அவற்றின் முறைப்படியே செப்பனிட வேண்டும் என்று எண்ணும் பொறியாளர்கள் வந்திருந்தார்கள். மீட்பது என்று முடிவாயிற்று.

சுண்ணாம்பு மீண்டும் நீற்றப்பட்டது. கடுக்காயும் வெல்லமும் வாங்கப்பட்டன. சிமெண்டு பூச்சைக் கொத்தி எடுத்தபோது உள்ளே மறைந்திருந்த நவாபு காலத்து வளைவுகள் வெளிவந்தன. தேக்கு உத்திரங்கள் ஏற்றி மெட்ராஸ் டெரஸ் கூரை மறுபடி இடப்பட்டது. 2017இல் பணி நிறைவுற்றபோது கட்டடத்தைப் பூட்டிச் சாவியை அருங்காட்சியகத்திடம் கொடுக்கவில்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே வந்து அமர்ந்தது. ஆறும் ஏரியும் காற்றும் பற்றிய வழக்குகள் இன்று அந்தச் சுண்ணாம்புச் சுவர்களுக்குள் கூப்பிடப்படுகின்றன. வழக்காட வந்தவர்கள் தங்கள் முறை வரும்வரை தாழ்வாரத்தில் காத்திருக்கிறார்கள்.